‘என்ன உறவு?’ என்ற கட்டத்தில் எழுத முடியாத பெயர்

படைகளை நடத்துவோருக்கும், போரிலிருந்து திரும்பியோரின் நலனைக் கவனிக்கும் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். எனக்கு 19 வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு விடுப்பு விண்ணப்பத்தின் நான்காவது வரியில் என் பேனா நின்றுவிட்டது. ‘இறந்தவர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு?’ என்று அந்த வரி கேட்டது. தந்தை, தாய், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் என்று ஐந்து சொற்கள் அச்சிடப்பட்டிருந்தன. பொருந்தாதவற்றை அடித்துவிட்டுப் பொருந்துவதை மட்டும் விட்டுவைக்க வேண்டும். நான் ஐந்தையும் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘நண்பன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலக எழுத்தர் கடுமையானவர் அல்லர். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, ‘இதுக்கு விதியில இடமில்லையே, தம்பி’ என்று தணிந்த குரலில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவனுடைய உடல் அவன் வீட்டுக்குப் போனது. நான் அன்றிரவும் வழக்கமான காவலுக்குப் போனேன்.

எந்த நாடு, எந்தப் போர், எந்தப் பிரிவு என்று இம்மடலில் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். எழுதினால் மற்ற நாட்டவர் இது தங்களுக்குரியதன்று என்று ஒதுக்கிவிடுவார்கள். என் நாட்டவரோ, எந்த ஆண்டு, எந்த அதிகாரி என்று விசாரணையில் இறங்கி, சொல்ல வந்ததை விட்டுவிடுவார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் பல படைகளில் பணியாற்றியவர்களோடு பழகியிருக்கிறேன். தாள்களின் நிறமும் முத்திரையும்தான் வேறுபட்டன. ஐந்து சொற்கள் ஏறத்தாழ எங்கும் அதே ஐந்து சொற்களாக இருந்தன.

என் முறையீடு இதுதான். போர்க்காலத்தில் இளம் வீரர்களுக்கிடையே உண்டாகும் நட்பு தற்செயலாக உண்டாவதில்லை; திட்டமிட்டு நீங்கள் உண்டாக்குகிறீர்கள், அதன் பலத்தில்தான் அவர்களைச் சண்டையிட வைக்கிறீர்கள், அது முறிந்துபோகும் நாளில் மட்டும் அப்படியொன்று உங்கள் பதிவேட்டில் இல்லவே இல்லை என்று சொல்லிவிடுகிறீர்கள்.

அது எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைச் செய்தவர்களுக்கே விளக்குவது சற்று விந்தையாக இருக்கலாம். ஆயினும் உங்களில் பலர் அதை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருப்பீர்கள். பயிற்சி முகாமுக்கு வந்த முதல் நாளில் தலைமுடியை மழித்து, ஊர் உடுப்பை மூட்டை கட்டி வாங்கிக்கொண்டு, எண் ஒன்றைக் கொடுத்தீர்கள். ஒருவன் காலணியைத் துடைக்க மறந்தால் பத்துப் பேரும் ஓட வேண்டும் என்றீர்கள். முதல் வாரத்தில் மறந்தவனை மற்ற ஒன்பது பேரும் வெறுத்தோம்; மூன்றாம் வாரத்தில் இரவோடிரவாக அவன் காலணியை யாராவது ஒருவன் துடைத்து வைத்தோம். 18 வயதில், வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்தவனுக்கு, தன் பலவீனம் தெரிந்தும் அதை மறைத்துக் காப்பாற்றும் ஒருவன் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நீங்கள் நன்றாக அறிந்துதான் அப்படிச் செய்தீர்கள்.

களத்துக்குப் போனபின் அந்தப் பத்து இரண்டாகச் சுருங்கியது. முன்னணிக் காவல் குழியில் இருவர் இருப்போம். ஒருவர் உறங்க, ஒருவர் விழித்திருப்போம். பேசக் கூடாது, விளக்கு கூடாது. ஆகவே ஒரு கயிற்றின் இரு நுனிகளை இருவர் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வோம். ஒரு முறை இழுத்தால் ‘எழுந்திரு’, இரண்டு முறை இழுத்தால் ‘அசையாதே’, மூன்று முறை இழுத்தால் ‘ஒன்றுமில்லை, தூங்கு’. இந்த மூன்றாவது சைகை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடையாது. அவன்தான் அதைச் சேர்த்தான். ஏதோ சத்தம் கேட்டு நான் பாதி உறக்கத்தில் திடுக்கிட்டு அசையும்போதெல்லாம் மூன்று முறை மெல்ல இழுப்பான். உலகத்தில் வேறு யாருடைய சொல்லையும் நான் அந்த அளவுக்கு நம்பி உறங்கியதில்லை. பெற்றோர் இருவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த நட்பு உங்களுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு நான் சாட்சி சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டூஃபர் தலைமையிலான சமூகவியலாளர்கள் அமெரிக்க வீரர்களிடம் பெரும் ஆய்வு நடத்தி, முடிவுகளை 1949இல் வெளியிட்டார்கள். காலாட்படையினரிடம், எது உங்களைத் தொடர்ந்து சண்டையிட வைத்தது என்று கேட்டபோது, வேலையை முடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்பதற்கு அடுத்த இடத்தில் வந்தது சக வீரர்களோடு இருந்த பிணைப்பு. கடமை உணர்வும் கொள்கையும் அதற்குப் பின்னால்தான் நின்றன. ஜெர்மானியப் படை கடைசிவரை சிதறாமல் நின்றதற்கும், சித்தாந்தத்தைவிடச் சிறு குழுக்களின் நெருக்கமே காரணம் என்று எட்வர்ட் ஷில்ஸும் மோரிஸ் ஜானோவிட்ஸும் 1948இல் எழுதினார்கள். சோவியத் படையோடு மோதிய கிழக்கு முனையில் அந்தச் சிறு குழுக்களே அழிந்துகொண்டிருந்தன என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஓமர் பார்டோவ் மறுத்தார். அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது எனக்கு முக்கியமில்லை. உங்கள் பயிற்சிப் பள்ளிகள் ‘குழுப் பிணைப்பு’ என்பதைப் பாடமாகவே வைத்திருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

நட்பு சண்டையிட வைப்பதோடு நிற்பதில்லை, உயிரையும் காக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். டோரா கோஸ்டாவும் மேத்யூ கானும் அந்தக் கைதிகளின் பதிவுகளை ஆராய்ந்து, முகாமில் நண்பர்கள் இருந்தவர்கள் பிழைத்து வரும் வாய்ப்பு அதிகமாக இருந்ததை 2007இல் காட்டினார்கள். உறவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பலன். தண்ணீர் கொண்டுவந்து தர ஒருவன், காய்ச்சலில் கிடக்கும்போது போர்வை களவு போகாமல் பார்க்க ஒருவன், அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கும்.

அப்படியானால் நண்பர்களைச் சேர்த்தே வைத்தால் போயிற்று என்று சொல்வீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் பிரிட்டனில் டெர்பி பிரபு லிவர்பூலில் நண்பர்களின் பட்டாலியனுக்கு, அதாவது நண்பர்களையே கொண்ட ஒரு படைப்பிரிவுக்கு, ஆள் திரட்டினார். சேர்ந்து பதிவு செய்பவர்கள் சேர்ந்தே பணியாற்றலாம் என்பது வாக்குறுதி. ஒரே தெருவினர், ஒரே ஆலைத் தொழிலாளர், ஒரே கால்பந்துக் குழுவினர் என்று கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அக்ரிங்டன் என்ற சிற்றூரின் பெயரால் அழைக்கப்பட்ட பட்டாலியனில் 1916 ஜூலை 1 காலையில், பிரான்சில் ஜெர்மானியர் வசமிருந்த செர் கிராமத்தை நோக்கி நடந்தவர்கள் சுமார் 700 பேர். அவர்களில் 584 பேர் மாண்டார்கள், காயமுற்றார்கள் அல்லது காணாமற்போனார்கள். பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதே நாளில் போமோன்-ஹாமெலில் இறங்கிய நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்டின் ஏறத்தாழ 800 பேரில், மறுநாள் காலை பெயர் அழைத்தபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். பிரிட்டிஷ் படை அந்த ஒரே நாளில் இழந்தவர்கள் காயமுற்றோர் உட்பட 57,470. அதில் இறந்தவர்கள் 19,240. சேர்ந்து வந்த நண்பர்கள் வாக்குறுதிப்படியே சேர்ந்து போனார்கள். எஞ்சியவர்களோ, எந்தத் தெருவுக்குத் திரும்பினாலும் எந்த வாசலையும் நிமிர்ந்து பார்க்க முடியாதவர்களாக ஆனார்கள்.

இதிலிருந்து அரசுகள் ஒரு பாடம் கற்றன. என் கருத்தில் தவறான பாடத்தைக் கற்றன. ஓர் ஊரின் துக்கம் ஒரே நாளில் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பாடம். துக்கத்தைக் குறைக்க வழியில்லாததால் அதைப் பரப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை, இழப்புக்குள்ளான பிரிவுகளைப் பின்னுக்கு இழுத்து ஓய்வு தருவதைவிட, மாற்று வீரர்களைத் தனித்தனியாக அனுப்பி இடத்தை நிரப்பியது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத குழிக்குள் இரவில் வந்து இறங்கி, தன் பெயரை யாரும் கேட்டறியும் முன்பே இறந்தவர்கள் அதில் உண்டு. வியட்நாமில் இது முழு விதியாகவே ஆகிவிட்டது: தரைப்படைக்கு 12 மாதக் களப்பணி, மரீன்கள் எனப்படும் கடல்சார் படையினருக்கு 13 மாதம், ஒவ்வொருவருக்கும் தனித் தேதி, தனி விமானம். நேற்று மதியம் சேற்றில் நண்பனைத் தூக்கிச் சுமந்தவன் நாளை மறுநாள் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருப்பான். அவன் விட்டுவந்த ஒன்பது பேரும் இன்னும் அங்கேயே இருப்பார்கள்.

சகோதரர்கள் விஷயத்தில் மட்டும் சட்டம் கண் திறந்தது. சல்லிவன் குடும்பத்து ஐந்து பிள்ளைகள் சேர்ந்தே பணியாற்றுவோம் என்று கேட்டு ஜூனோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறினார்கள். 1942 நவம்பர் 13 அன்று குவாடல்கனால் அருகே கப்பல் மூழ்கியது, ஐவரும் மாண்டார்கள். பிள்ளைகளை இழந்த குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே மகனைக் கட்டாயப் பணியிலிருந்து விலக்கும் விதி 1948இல் அந்நாட்டுச் சட்டத்தில் வந்தது. நல்ல விதிதான். இரத்த உறவு என்றால் சட்டத்துக்கு உடனே புரிந்துவிடுகிறது.

இனி, என் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. அவன் இறந்த நான்காம் நாள் அவனுடைய இடத்துக்கு ஒரு பையன் வந்தான். நீங்கள்தான் அனுப்பினீர்கள், இடம் காலியாக இருக்க முடியாதல்லவா? 18 வயது இருக்கும், காதுகள் பெரியவை. முதலிரவே கயிற்றின் நுனியை நீட்டிக் கையைக் காட்டினான். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் கட்டிக்கொள்ள மறுத்தேன். எட்டு வாரங்கள் அவனோடு ஒரே குழியில் இருந்தேன். அவன் பெயரைக் கேட்கவில்லை. ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டேன். அவன் பெயரைத் தெரிந்துகொண்டால் அவனும் போய்விடுவான் என்று நினைத்தேனா, அல்லது அவன் இருப்பதே எனக்குப் பொறுக்கவில்லையா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் போரில் இறக்கவில்லை. உயிரோடு ஊர் திரும்பினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அந்த எட்டு வாரங்களில் இரவெல்லாம் விழித்திருந்து, ‘ஒன்றுமில்லை, தூங்கு’ என்று சொல்ல ஆளில்லாமல் அவன் எப்படிக் கிடந்திருப்பான் என்பதை நினைக்கும்போது, இறந்தவனைவிட இவனுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. முதல் நண்பனை இழந்தபின் இரண்டாவது நண்பனைத் தேடாதவர்கள் எல்லாப் படைகளிலும் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவப் படிவங்களில் அவர்கள் ‘இயல்பாக உள்ளார்’ என்று பதிவாகியிருப்பார்கள். நானும் அப்படித்தான் பதிவானேன்.

துக்கம் வேறு வழிகளிலும் வெளியேறும். அதைச் சொல்லாமல் நட்பை மட்டும் போற்றி எழுதினால் இம்மடல் பொய்யாகிவிடும். 1968 மார்ச் 14 அன்று வியட்நாமில் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவு, கண்ணி வெடியில் சிக்கி, வீரர்களுக்குப் பிரியமான சார்ஜென்ட் ஒருவரை இழந்தது. மறுநாள் அவருக்கு அஞ்சலிக் கூட்டம். அது முடிந்ததும் அன்றே, அடுத்த நாள் தாக்குதலுக்கான உத்தரவு விளக்கம். 16ஆம் தேதி காலை அவர்கள் மி லாய் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். கொல்லப்பட்ட பொதுமக்கள் அமெரிக்கப் படையின் கணக்குப்படி 347 பேர், வியட்நாமியக் கணக்குப்படி 504 பேர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். நண்பனுக்காகப் பழி வாங்கினோம் என்பது அந்தக் கொலைகளுக்கு ஒருபோதும் நியாயம் ஆகாது. பின்னர் ஆண்டுக்கணக்கில் பலரை வாய் திறக்க விடாமல் செய்ததும் அதே ‘நம்ம ஆள்’ என்ற உணர்வுதான். நான் சொல்ல வருவது இதுதான்: அஞ்சலிக்கும் உத்தரவுக்கும் நடுவில் ஓர் இரவுகூடத் தராமல், புண்பட்ட இளைஞர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புவது தலைமையின் முடிவு. அதன் விளைவுக்குச் சுட்டவர்களோடு சேர்ந்து தலைமையும் பொறுப்பு.

ஆண்டுகள் போனால் ஆறிவிடும் என்ற எண்ணம் உங்கள் அலுவலகங்களில் இருக்கிறது. இலோனா பிவாரும் நைஜல் ஃபீல்டும், போரின் மனக்காயத்துக்காகச் சிகிச்சை பெற்றுவந்த வியட்நாம் போர் வீரர்களை ஆராய்ந்து 2004இல் எழுதியதை ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். சக வீரனை இழந்து சுமார் 30 ஆண்டுகள் ஆனபின்னும் அவர்களிடம் காணப்பட்ட துக்கம், அண்மையில் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களின் துக்கத்துக்கு இணையாக இருந்தது. சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்ற கருத்தைக் கென்னத் டோகா 1989இல் வகுத்தார்: அழுவதற்கு உனக்கு உரிமை உண்டு என்று யாரும் சொல்லாதபோது துக்கம் ஆறுவதற்கு இடமின்றிப் போகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய்ப் பட்டியல், நீடித்த துக்கத்தைத் தனி நோயாகச் சேர்த்திருக்கிறது. வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளை என்று சொல்லிவிட்டு, நெருக்கமான வேறு எவரும் என்றும் அதில் சேர்த்திருக்கிறார்கள். மருத்துவர்களின் பட்டியலில் ஆறாவது சொல்லுக்கு இடம் கிடைத்துவிட்டது. உங்கள் விடுப்பு விண்ணப்பத்தில்தான் இன்னும் இல்லை.

என் மனைவி படித்தவர் அல்லர், எந்த ஆய்வும் அவருக்குத் தெரியாது. ஆனால் உறக்கத்தில் என் இடது மணிக்கட்டைத் தொடக் கூடாது என்பதைத் திருமணமான முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டார். எங்கள் மகன் குழந்தையாக இருந்தபோது, இருட்டில் என் கையைப் பிடித்து இழுத்ததற்கு நான் எழுந்த விதத்தைப் பார்த்து மிரண்டு, ஒரு வாரம் என் பக்கத்தில் படுக்கவில்லை. இன்றும் இரவு 2 மணி வாக்கில், எங்கள் முறை மாறும் நேரத்தில், விழிப்பு வந்துவிடுகிறது. கை தானாக மறுநுனியைத் தேடுகிறது. இதற்கு ஓய்வூதியமும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம்.

நண்பன் போனபிறகு அவன் நினைவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. முதல் உலகப் போர்க் கல்லறைகளில் பிரிட்டிஷ் பேரரசின் ஆணையம், பதவி வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே அளவில் கல் நட்டது. அதை நான் வணங்குகிறேன். கல்லின் அடியில் 66 எழுத்துக்குள் ஒரு வரி பொறிக்கும் உரிமை நெருங்கிய உறவினருக்குத் தரப்பட்டது. அவன் கடைசியாக என்ன சொன்னான், எதற்குச் சிரித்தான் என்பதெல்லாம் தெரிந்தவனுக்கு ஒரு எழுத்துகூட இல்லை. விதிவிலக்காக ஒரு நட்பு தன் வரியைத் தானே எழுதிக்கொண்டது. 1917இல் எடின்பரோ அருகே க்ரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மனம் நொந்த அதிகாரிகளாகச் சந்தித்த வில்ஃப்ரட் ஓவனும் சீக்ஃப்ரீட் சசூனும் நண்பரானார்கள். போரை வெளிப்படையாக எதிர்த்து அறிக்கை விட்ட சசூன், கைவிட்டு வந்த தன் வீரர்களின் நினைவு பொறுக்காமல் மீண்டும் களத்துக்கே திரும்பினார். ஓவனும் திரும்பினார்; 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய ஒரு வாரமே இருந்தபோது, 25 வயதில் கொல்லப்பட்டார். தந்தி தாய்க்குப் போனது. போர் ஓய்ந்த 11ஆம் தேதியன்றே போய்ச் சேர்ந்தது. சசூனுக்குச் செய்தி தெரியப் பல மாதங்கள் ஆயின. நண்பருக்குத் தந்தி அனுப்பும் வழக்கம் இல்லை. 1920இல் ஓவனின் கவிதைகள் நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவர் அந்த நண்பர்தான். எங்களில் பெரும்பாலோர் கவிஞர்கள் அல்லர் என்பதால், எங்கள் நண்பர்கள் பெயரில்லாமல் போய்விட்டார்கள்.

இழப்பு பிரிப்பதுபோலவே பிணைக்கவும் செய்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் இருந்தவர்களை ஆராய்ந்த க்ளென் எல்டரும் எலிசபெத் க்ளிப்பும், சக வீரர்களை இழந்தவர்களே பத்தாண்டுகள் பல கடந்தும் ஒருவரோடொருவர் தொடர்பு விடாமல் இருந்தார்கள் என்று 1988இல் எழுதினார்கள். இந்தப் பிணைப்பு இன்னும் வேலை செய்கிறது, பெரும்பாலும் உங்கள் உதவி இல்லாமலேயே. 2008இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் 20 பேரை இழந்து திரும்பிய அமெரிக்க மரீன் பட்டாலியன் ஒன்றில், அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அதைத் தடுக்க முதலில் எழுந்தவர்கள் அந்தப் பட்டாலியனின் நண்பர்கள். யார் எந்த ஊரில் இருக்கிறார், எந்த எண்ணில் கிடைப்பார் என்று தாங்களே பட்டியல் தொகுத்து, ஒருவன் இரவில் விடைபெறும் தொனியில் ஏதாவது எழுதினால், அருகிலிருப்பவன் வண்டியெடுத்துக்கொண்டு அவன் கதவைத் தட்டப் போனான். அந்த விவரங்கள் முதலிலேயே அரசிடம் இருந்தன. கதவைத் தட்டியது நண்பர்கள்.

ஆகையால் நான் கேட்பவை பெரும் செலவுக்குரியவை அல்ல. ஆள் சேரும்போதே, ‘எனக்கு ஏதேனும் நேர்ந்தால் உறவினரோடு இவருக்கும் தெரிவிக்கவும்’ என்று சக வீரர் ஒருவரின் பெயரையோ இருவர் பெயரையோ எழுதும் கட்டம் ஒன்று வேண்டும். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள உரிமை வேண்டும். போர்க்களத்தில் நட்பு மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது, மாறுவதற்குச் சோகமான காரணங்களும் உண்டு. அந்தக் கட்டத்தில் பெயர் உள்ளவனுக்கு அடக்கத்துக்குப் போய்வர விடுப்புத் தரவேண்டும். களநிலை அனுமதிக்காவிட்டால், பின்னொரு நாள் அந்த வீட்டுக்குப் போய்வரவாவது அனுமதி வேண்டும். பிள்ளை எப்படி இறந்தான் என்று தெரியாமல் ஒரு தாயும், அதைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு நண்பனும் வெவ்வேறு ஊர்களில் கிழமாகிக்கொண்டிருப்பதற்கு எந்தப் பாதுகாப்புக் காரணமும் இருக்க முடியாது.

மாற்று வீரர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்; குறைந்தது இருவராக, பயிற்சியில் பழகியவர்களாக அனுப்புங்கள். ஒரு குழி காலியான அன்றே அதை நிரப்பாதீர்கள். திரும்பி வரும்போது சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே வரட்டும். 1982 ஃபாக்லண்ட் போர் முடிந்து கப்பலில் வந்த பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கடல்மேல் கிடைத்த நாட்கள், பேசியும் குடித்தும் சண்டையிட்டும் அழுதும் கழிந்தன என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வாய்ப்பு விமானத்தில் இல்லை என்பதை உணர்ந்துதான் 2002இல் கனடா, ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய தன் வீரர்களைக் குவாம் தீவில் சில நாட்கள் தங்கவைத்து வீட்டுக்கு அனுப்பியது. பிரிட்டன் பிறகு சைப்ரஸில் அப்படிச் செய்தது. ராயல் மரீன்களிடம் தொடங்கிய ஒரு முறையும் உண்டு: அதிர்ச்சியான நிகழ்வுக்குப் பின் மூன்று நாட்கள் கழிந்த நிலையிலும் ஒரு மாதம் கழித்தும், பயிற்சி பெற்ற சக வீரரே வந்து பேசி, யாருக்கு மருத்துவர் தேவை என்று கண்டறிவார். என்னிடம் அப்படி ஒருவர் வந்து, ‘அந்தப் பையன் பெயர் என்ன?’ என்று கேட்டிருந்தால் போதும், எனக்குப் பதில் தெரியாதது அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

நலத்துறையினரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எங்களிடம் நீங்கள் கேட்கும் கேள்விகளில், எங்கே பணியாற்றினாய், எத்தனை முறை காயமுற்றாய், எந்த மருந்து சாப்பிடுகிறாய் என்பனவெல்லாம் உண்டு. யாரை இழந்தாய் என்று 40 ஆண்டுகளில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

என்னிடம் எங்கள் பிளாட்டூனின் பெயர்கள் கொண்ட ஒரு பழைய நோட்டு இருக்கிறது. 31 பெயர்கள். இறந்தவர்களைத் தவிர்த்து, எனக்கு முகவரி கிடைத்தவர்களைப் பல ஆண்டுகளாகத் தேடிப் பிடித்துவிட்டேன். ஒன்பது பேர் மட்டும் கிடைக்கவில்லை. ஓய்வூதியம் மாதந்தோறும் போய்ச் சேர்வதால் அவர்கள் இருக்கும் இடம் உங்கள் துறைக்குத் தெரியும். தனியுரிமை காரணமாக முகவரி தர இயலாது என்று மூன்று முறை பதில் வந்தது. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. ஆகவே இம்மடலின் நகலோடு, எங்கள் நாட்டு நலத்துறைக்கு மட்டும், அஞ்சல்தலை ஒட்டிய ஒன்பது உறைகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். எட்டின் மேல் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்பதாவது உறையின் மேல், பிரிவின் எண்ணையும், அவன் வந்து சேர்ந்த தேதியையும், யாருடைய இடத்துக்கு வந்தான் என்பதையும் எழுதியிருக்கிறேன். நோட்டில் அவன் வரியில் ‘புதுசு’ என்றுதான் இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கும். அதை உறையின் மேல் எழுதி, முகவரியிட்டு, அனுப்பிவிடுங்கள். எனக்கு அந்த முகவரி தெரிய வேண்டியதில்லை. உள்ளே என் முகவரி இருக்கிறது. அவனுக்கு விருப்பமிருந்தால் எழுதுவான்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் காலாட்படை வீரர் ஒருவர்